ஆச்சி நான்கு விடை தருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழில் மருத்துவக் கல்வி பற்றிய கட்டுரையைப் படித்தேன். இணையத்தில் வரும் குழந்தை நோயாளிகளின் கேஸ்களைப் பார்த்தே நோயறியப் பழகிவிடலாம், மாணவர்கள் வார்டில் கால் கடுக்க நிற்க வேண்டியதில்லை என்று அதில் ஒரு வரி. முப்பது வருடம் கால் கடுக்க நின்றவன் நான். எழுதியவர் உட்கார்ந்தே எழுதியிருப்பார், தப்பில்லை.

அந்தப் பயிற்சியை நான் குறை சொல்லவில்லை. அமெரிக்காவில் குழந்தை மருத்துவம் கற்பிக்கும் ஆசிரியர்கள் 'கிளிப்' என்ற பெயரில் முப்பதுக்கு மேல் கேஸ்கள் உருவாக்கினார்கள். இப்போது அது 'அக்விஃபர்' என்று நடக்கிறது. அம்மா சொல்வது, பரிசோதனையில் தெரிவது, ரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகத் திறக்கும். என்னென்ன நோயாக இருக்கலாம் என்று நாம் போட்ட பட்டியலை இடையிடையே திருத்த வேண்டியிருக்கும். முதலில் தோன்றியதையே பிடித்துத் தொங்கும் குணத்துக்கு நல்ல மருந்து. 2020-ல் கல்லூரி மூடி வீட்டில் அடைந்து கிடந்த என் தம்பி மகளோடு வளவில் உட்கார்ந்து இது மாதிரி கேஸ்கள் போட்டேன். இரண்டில் அவளிடம் தோற்றேன்.

ஆனால் அந்தத் திரையில் வரும் அம்மா கோவையாகப் பேசுகிறார். நாட்டு வைத்தியமாகத் தொக்கம் எடுத்துவிட்டு வந்ததை மறைக்கும் அம்மா அதில் வரமாட்டார்.

சிவகங்கையில் மருத்துவக் கல்லூரி வந்த 2012-க்கு முந்தைய கதை இது. பள்ளத்தூர் ஆச்சி ஒருவர் எட்டு மாதப் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "சீர் தட்டியிருக்கு டாக்டரு." பயிற்சிக்கு வந்திருந்த இளம் டாக்டர் 'வயிற்றுப்போக்கு' என்று எழுதி, உப்புச்சர்க்கரைக் கரைசலுக்குச் சீட்டும் கிழித்தாயிற்று. நானும் தலையாட்டினேன். ஆச்சி நகரவில்லை. மஞ்சப்பையிலிருந்து சுருட்டி வைத்த துணியை எடுத்து என் மேசையிலேயே விரித்தார். "கவுனரிசிக் கஞ்சி மாதிரி போகுது, பாருங்க." ரத்தமும் சளியும் கலந்த இந்த மலத்துக்குப் பாடப்புத்தகம் ஏதோ சீமைப் பழ ஜெல்லியை உவமை சொல்லும், அந்தப் பழத்தை நானே கண்டதில்லை. அப்புறம்தான் பிள்ளையைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். காலை வயிற்றோடு மடக்கி வீறிட்டது. இரண்டு நிமிடத்தில் துவண்டு அடங்கியது. மறுபடி வீறிட்டது. குடலுக்குள் குடல் செருகியிருந்தது. மதுரைக்கு அனுப்பினோம். ஆசனவாய் வழியாகக் காற்றைச் செலுத்தி, கத்தி வைக்காமலே சரிசெய்தார்கள்.

திரையில் நான்கு விடை வரும், ஒன்றைத் தொட்டால் போதும். ஆச்சி தந்தது ஒரு துணி. அதை விரிக்கும் வரை நாங்கள் அவரை நிற்க விட்டதே பெரிய விஷயம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, செட்டிநாடு என்றால் உங்கள் பத்திரிகைக்குக் கோழி வறுவலும் ஆத்தங்குடிக் கல்லும்தான். பச்சைப்பிள்ளைக்கு வசம்பு உரசிக் கொடுத்தால் எந்த நோயும் அண்டாது என்று ஒருமுறை எழுதினீர்கள். நான் அனுப்பிய மறுப்பில், மரியாதைக்காக எழுதிய முதல் பாராட்டு வரியை மட்டும் என் பெயரோடு போட்டீர்கள். உறவினர்கள் வாழ்த்தினார்கள். போன இதழ்ப் படத்திலோ டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் முன்பின்னாக மாட்டியிருக்கிறார். அப்படி மாட்டினால் ஒன்றும் சரியாகக் கேட்காது.

சரி, கேட்பது இதுதான். ராசிபலனுக்கு இரண்டு பக்கம் தருகிறீர்கள். அதன் ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். இருமலோ மூச்சுத்திணறலோ உள்ள பிள்ளை, 2 மாதத்துக்குள் இருந்தால் நிமிடத்துக்கு 60, 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, 1 முதல் 5 வயதுக்குள் 40, அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும். அழாமல் இருக்கும்போது, முழு நிமிடம் எண்ண வேண்டும்.

இந்தக் கடிதத்தை வெட்டுவதானால் எண்களை விட்டுவிட்டு மற்றதை வெட்டுங்கள். பாராட்டு வரி எதுவும் இந்த முறை எழுதவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குழந்தைகள் நல மருத்துவர்,
காரைக்குடி.