எடை இல்லைதான், நிறை இருக்கிறதே!

ஆசிரியருக்கு,

விண்வெளிப் போர் விளையாட்டுகள் பற்றிய சென்ற இதழ்க் கட்டுரையில், அங்கே எடையே கிடையாது என்பதால் கப்பலில் எவ்வளவு பெரிய பீரங்கியையும் பொருத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். இது தவறு. எடை என்பது ஈர்ப்பு இழுக்கும் விசை, நிறை என்பது பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு; எடை போனாலும் நிறை போகாது. கப்பலை முடுக்கவும் நிறுத்தவும் திருப்பவும், கூடும் ஒவ்வொரு கிலோவுக்கும் எரிபொருள் கொடுத்தாக வேண்டும்.

நிறையைக் கணக்கில் எடுக்கும் விளையாட்டுகளும் அதை அரைகுறையாகவே செய்கின்றன. 'எலீட் டேஞ்சரஸ்' விளையாட்டில் ஆயுதங்களுக்கு அளவைப் பொறுத்து 2, 4, 8, 16 டன் என்று வைத்திருக்கிறார்கள். ஒரே அளவென்றால் லேசருக்கும் பீரங்கிக்கும் ஒரே நிறை! உண்மையில் சுடும் கருவியைவிட அதைச் சார்ந்தவைதான் கனம். அமெரிக்க ஏ-10 போர் விமானத்தின் 30 மி.மீ. ஜிஏயு-8 துப்பாக்கி மட்டும் 281 கிலோ. தோட்டா உருளை, ஊட்டும் அமைப்பு, 1,174 தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்தால் 1,828 கிலோ. அத்தனை தோட்டாவும் 18 நொடியில் தீர்ந்துவிடும்.

இன்னும் பெரிய சிக்கல் பின்னுதைப்பு. அந்தத் துப்பாக்கி சுமார் 45 கிலோ நியூட்டன் (பூமியில் நாலரை டன் எடைக்குச் சமமான) விசையுடன் பின்னால் உதைக்கிறது. 20 டன் கப்பலில் பொருத்தினால், ஒவ்வொரு நொடிச் சுடலுக்கும் கப்பலின் வேகம் நொடிக்கு 2.25 மீட்டர் மாறும். தோட்டா தீரும்போது நொடிக்கு 40 மீட்டர். தடுக்கக் காற்று இல்லை, எனவே மாறிய வேகம் அப்படியே நிற்கும். துப்பாக்கியின் அச்சு கப்பலின் நிறைமையத்திலிருந்து (நிறை முழுவதும் சமன்படும் புள்ளியிலிருந்து) ஒரு மீட்டர் விலகியிருந்தால் நிலைமை மோசம்: 12 மீட்டர் நீளமுள்ள கப்பல் முதல் நொடியிலேயே 5 பாகை திரும்பிவிடும், குறி தவறும். சோவியத்தின் சல்யூட்-3 விண்வெளி நிலையத்தில் இருந்த பீரங்கியை 1975 ஜனவரியில், ஆட்கள் இல்லாத நிலையில், சுட்டுப் பார்த்தபோது உதைப்பை ஈடுகட்ட உந்துபொறிகளையும் சேர்த்தே இயக்கினார்கள். பீரங்கி நிலையத்தோடு பிணைக்கப்பட்டிருந்ததால், குறி பார்க்க நிலையத்தையே திருப்ப வேண்டியிருந்தது.

லேசருக்கு இந்த உதைப்புத் தொல்லை இல்லை. அதன் எதிரி வெப்பம். வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் ஒளியாக்கும் லேசர் 1 மெகாவாட் ஒளி தந்தால் 2 மெகாவாட் வெப்பம் கப்பலிலேயே தங்கும். வெற்றிடத்தில் அதைக் கதிர்த்துத்தான் வெளியேற்ற முடியும். 600 கெல்வினில் (சுமார் 327 டிகிரி செல்சியஸ்) இருபுறமும் வெப்பத்தைக் கதிர்க்கும் ரேடியேட்டர் பலகை என்றால் 150 சதுர மீட்டர் தேவை. 300 கெல்வின் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) என்றால் 2,400 சதுர மீட்டர். விட்டுவிட்டுச் சுடுவதென்றால் பனிக்கட்டியை உருக்கி வெப்பத்தைத் தேக்கலாம், ஆனால் சுடும் ஒவ்வொரு நொடிக்கும் 6 கிலோ உருகும். இத்தனை பெரிய ரேடியேட்டர் பலகைகளை எந்தக் கப்பலிலாவது வரைந்து காட்டுகிறார்களா? போரில் எதிரி முதலில் சுட வேண்டிய இடமே அதுதான்.

அடுத்த முறை இத்தகைய விளையாட்டை மதிப்பிடும்போது, சுடும் கப்பலின் வேகமும் திசையும் மாறுகின்றனவா, தோட்டா குறையக் குறைய அது வேகமாக முடுக்குகிறதா என்றும் சோதித்து எழுதுமாறு உங்கள் விமர்சகரைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், திருநெல்வேலி