பனங்காட்டில் பெண்பள்ளி

அன்பு மகளுக்கு,

வேலைக் காலம் வந்தால் பெண்பிள்ளைகள் வகுப்புக்கு வருவதில்லை என்று எழுதியிருந்தாய். திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடியில், மிஷனரி ராபர்ட் கால்டுவெல்லின் மனைவி எலிசா கால்டுவெல் பட்ட பாடும் இதுதான்.

கால்டுவெல் ஐயர் 1841 கடைசியில் அங்கே வந்தார். அது புதிதாக எழுந்த ஊர் அல்ல. தேரிக்காடு என்கிற செம்மணல் காட்டின் ஓரத்தில் ஊரும் சிறு கிறிஸ்தவ சபையும் முன்பே இருந்தன. அதை அவர் நேர்த் தெருக்கள் போட்டு, கிணறு வெட்டி, மரம் நட்டு ஒழுங்கான ஊராக அமைத்தார். 1847-இல் தொடங்கிய கிறிஸ்தவக் கோயில் 1880-இல்தான் பிரதிஷ்டையானது. அவர் எழுதிய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தைப் பேசுகிறவர்கள் எலிசா அம்மாளை மறந்துவிடுவதுதான் எனக்கு ஆற்றாமை. நாகர்கோவில் மிஷன் வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவர். 1844-இல் மணமாகி வந்தார்.

அந்த ஊரின் பனைத்தொழிலைப் பார்த்தால்தான் அவருடைய வேலையின் கடினம் புரியும். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதனி புளித்துக் கள்ளாகிவிடும். தடவினாலும் இறக்கிய அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். பதனி காய்ச்சும் குடிசையான விடிலியில் தாய் அடுப்பை விட்டு நகர முடியாது. கிண்டாமல் விட்டால் அடிப்பிடிக்கும், பதம் தப்பினால் கருப்பட்டி உறையாது. சுள்ளியும் காய்ந்த ஓலையும் பொறுக்குவது யார்? கைக்குழந்தையைத் தூக்குவது யார்? மகள்தான். பருவம் பல மாதம் நீளும். அதற்குள் படித்த எழுத்தெல்லாம் மறந்துபோகும். அங்கே புத்திமதி எடுபடாது.

எலிசா, பிள்ளைகள் தங்கிப் படிக்கும் போர்டிங் தொடங்கினார். பிள்ளை அங்கேயே தங்கினால் அடுப்பு அவளைக் கூப்பிடாது. கூடவே ரேந்தை, அதாவது நூலால் பின்னும் லேஸ் வேலை, கற்றுக்கொடுத்தார். அவருடைய தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. துளையிட்ட மாதிரி அட்டையைத் திண்டின்மேல் பொருத்தி, நூல் சுற்றிய கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றி முறுக்கி, ஒவ்வொரு பின்னலையும் குண்டூசியால் நிறுத்த வேண்டும். இழுவை தளர்ந்தால் பின்னலின் துளைகள் ஒன்றுபோல் விழாது. கை வியர்த்தால் வெள்ளை நூல் அழுக்காகும், விலை போகாது. அதனால் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பெண்ணின் கையில் காசு வந்தபோது வீட்டில் அவள் பேச்சுக்கும் மதிப்பு வந்தது.

உன் பதிவேட்டில் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே, அந்த மாதம் வீட்டில் அவள் செய்யும் வேலையையும் எழுதி வை. தண்ணீர் எடுப்பவளுக்கும் தம்பியைப் பார்ப்பவளுக்கும் ஒரே வழி சரிப்படாது. தம்பியோடு வருகிறவளை முதலில் உள்ளே விடு, அம்மா.

அன்புடன்,
அம்மா