கயலுக்கு: சீட் பைப்பை அளந்து எழுது

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். நீ அனுப்பிய சைக்கிள் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "இது 531 பைப்தானா அப்பா, எப்படிக் கண்டுபிடிப்பது, 531 என்றால் நல்ல விலை போகுமாம்" என்று கேட்டிருந்தாய். ரெனால்ட்ஸ் கம்பெனியின் அந்த லேசான எஃகுப் பைப்பைத்தான் கேட்கிறாய். பொங்கலுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்ததிலேயே நீளமான செய்தி அதுதான். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்பாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று, பெயிண்டைச் சுரண்டாதே. யாரோ மேலே கறுப்பு அடித்திருக்கிறார்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சீட் பைப்பின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. அடியில் பழைய ஸ்டிக்கர் இருந்தால் அதன் விளிம்பு தடித்துத் தெரியும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு கால்களிலும் அப்படியே பார். ஸ்டிக்கரில் என்ன எழுதியிருக்கிறது என்பதும் முக்கியம். சிலதில் மூன்று பெரிய பைப் மட்டும்தான் 531, ஃபோர்க்கும் பின்பக்கக் குச்சிப் பைப்புகளும் சாதா இரும்பு. இப்போது புதுசாகவே அச்சடித்து விற்கிறார்களாம், ஆகவே ஸ்டிக்கரை மட்டும் நம்பி யாரும் விலை சொல்லமாட்டார்கள்.

அளவுதான் பேசும். சீட்டைத் தாங்கி சீட் பைப்புக்குள் இறங்கும் பில்லரைக் கழற்று. அதிலேயே அளவு குத்தியிருக்கும். ஆனால் முன்பு வைத்திருந்தவர் பொருந்தாததைச் சொருகி இறுக்கியிருக்கலாம். அதனால் வெர்னியரின் மேல்காதை உள்ளே விட்டு, கிளாம்ப் இறுக்கும் வாய்க்குக் கொஞ்சம் கீழே அளந்து பார். சீட் பைப்பின் வெளிவிட்டம் 28.6 மில்லிமீட்டர் இருந்து, 27.2 பில்லர் தளர்வில்லாமல் இறங்கினால், பைப்பின் சுவர் மெல்லியது, நல்ல சரக்கு. 25.4, 25.8 என்று நின்றுவிட்டால் தடித்த சாதா பைப். நடுவில் 26.4, 26.6 வந்தால் அவசரப்படாதே. பட்டிங் இல்லாத, அதாவது நெடுக ஒரே தடிமனான 531-உம் அங்கே வரும், பிரெஞ்சு ஃபிரேமாக இருந்தால் வெளிவிட்டமே 28 தான். 27.2 என்பதாலேயே 531 என்றும் சொல்லிவிட முடியாது. இத்தாலிக்காரன் கொலம்பஸ் பைப்புக்கும் அதே அளவு உண்டு. ஃபோர்க்கைக் கழற்றி ஹெட்டுக்குள் போகும் பைப்பின் உட்பக்கம் பார். அடியில் துப்பாக்கிக் குழல் மாதிரி சுழலும் வரிகள் இருந்தால் கொலம்பஸ்.

விரலை உள்ளே விட்டுத் தடவு. நெடுக ஒரு தையல் தட்டினால், தகட்டைச் சுருட்டி வெல்ட் வைத்த பைப். 531-இல் தையல் இருக்காது. ஜாயிண்டுகளில் வெல்டிங் தழும்பு இருந்தாலும் 531 இல்லை, அதைப் பித்தளையை உருக்கி ஊற்றிப் பிடிக்கவைக்கும் பிரேசிங்தான் செய்வார்கள். நகத்தால் சுண்டினால் நடுவில் ஒரு சத்தம், ஓரத்தில் ஒரு சத்தம் வரும் என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

படம் வந்தது செவ்வாய்க்கிழமை, நமக்குச் சாயங்காலம் நாலரை. அங்கே பகல் பதினொன்று. வெயில் நன்றாக விழுந்திருக்கிறது. லீவு போட்டிருந்தாயா? போடுவது நல்லதுதான், உடம்புக்கு. சுவரோரம் சைக்கிள் நிற்கிற இடத்தில் முன்பு உன் மேசை இருந்ததே என்று உன் அம்மா கேட்டாள். இடம் மாற்றியிருப்பாள் என்று சொல்லி வைத்தேன்.

அடியில், பெடல் அச்சு போகும் கிண்ணத்தில், நம்பர் இருக்கும். சீட் லக்கிலும், அதாவது சீட் பைப்பின் மேல் ஜாயிண்டிலும் பார். ராலே கம்பெனி வகையாக இருந்து, இரண்டு எழுத்தும் பிறகு எண்களும் வந்தால், முதல் எழுத்து தொழிற்சாலை, எழுத்துகளை அடுத்து வரும் எண் வருஷத்தின் கடைசி இலக்கம். W என்றால் வொர்க்சாப் என்ற ஊர், ரேஸ் சைக்கிள் செய்த இடம். அங்கே செய்ததெல்லாம் 531 என்று அர்த்தமில்லை. நம்பரைப் படிக்கவும் சுரண்டாதே, மண்ணெண்ணெய் தொட்ட துணி போதும்.

பர்மிங்காமில் ரெனால்ட்ஸ்காரர்கள் 531-ஐ 1935-இல் கொண்டுவந்தார்கள். ஓரம் தடித்து நடு மெலிந்த பைப்புக்கு 1897-லேயே காப்புரிமை வாங்கிய கம்பெனி. பிறகு டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு சேர்ந்தது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்துதான் 1949-இல் நம் அம்பத்தூர் கம்பெனியைத் தொடங்கினார்கள். ஒருவகையில் அந்தச் சைக்கிள் உனக்கு உறவு! நான் வாழ்நாள் முழுக்கப் பித்தளை ஊற்றியது கனத்த ரோட்ஸ்டர் ஃபிரேமுக்கு. 531 ஃபிரேமை ஒரே ஒருமுறை தூக்கியிருக்கிறேன், அந்த லேசு இன்னும் கையில் இருக்கிறது. நீ அதை ஓட்டுகிறாய். ஹெட் பேரிங்கை நீயே மாற்றினாய் என்று கொரட்டூரில் பாதிப்பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

அப்படி ஆசையாக வாங்கியதற்கு இப்போது ஏன் விலை விசாரணை? முதல் சம்பளத்தில் எனக்குச் சட்டைகூட எடுக்காமல் அதைத்தான் வாங்கினாய், நான் ஒன்றும் சொல்லவில்லையே. சித்தப்பா தையல் மெஷினை விற்ற கதை உனக்குத் தெரியும். அன்றைக்கும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காக நான் இப்போது எதையும் கேட்கவில்லை. பேங்க் கடன் தவணை இந்த மாதமும் கட்டியாகிவிட்டது. அடுத்த மாதமும் கட்டுவேன், அதை நீ நினைக்கவே வேண்டாம்.

உன் அண்ணனுக்குப் பாடியில் வேலை மாற்றம், வீட்டுக்குப் பக்கம். மாடித் தொட்டி மறுபடி ஒழுகுகிறது.

விற்றே ஆகவேண்டுமென்றால் வெளியாளுக்கு எதற்கு? நானே வாங்கிக்கொள்கிறேன். 531 என்றால் என்ன விலையோ அதே விலை, 531 இல்லாவிட்டாலும் அதே விலை. பணம் அனுப்பிவிடுகிறேன், சைக்கிள் அங்கேயே உன்னிடம் நிற்கட்டும். மழையில் மட்டும் விடாதே, பைப்புக்குள் தண்ணீர் தங்கினால் கிண்ணத்திலிருந்துதான் துரு ஏறும். அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

உள்விட்டம், நம்பர், விலை, மூன்றையும் எழுது. எந்த நேரமானாலும் எழுது, நான் விழித்துத்தான் இருப்பேன்.

அப்பா