சண்டை போட்ட நாடுகளின் ஒரே சரித்திரப் புத்தகம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் ஐரோப்பாவைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். பிரான்சும் ஜெர்மனியும் நெருங்கி வந்ததற்கு நிலக்கரி, எஃகு வியாபாரமும், அதெனாவர், தெகோல் என்ற இரு தலைவர்களும்தான் காரணம் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதில் பெரிதாக எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இரு நாடுகளும் கசப்பான பக்கங்களை ஒதுக்கிவிட்டுப் பொதுவான ஒரு வரலாற்றை எழுதிக்கொண்டன என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். கசப்பான பக்கங்களை அவர்கள் ஒதுக்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் அச்சடித்தார்கள்.

நான் ஜெர்மனியின் சார்புரூக்கன் நகரில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். இங்கே ட்ராம் ஏறினால் பிரான்சில் போய் இறங்கலாம். என் மகள் இரட்டைச் சான்றிதழ் வகுப்பில் படிக்கிறாள். இரு நாட்டுப் பள்ளி இறுதிச் சான்றிதழும் சேர்ந்து கிடைக்கும் படிப்பு அது. அதனால் அவளுக்கு வரலாற்றுப் பாடம் பிரெஞ்சு மொழியில். எல்லைக்கு அந்தப்பக்கம் இதே வகுப்பில் படிக்கும் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஜெர்மன் மொழியில்.

போன வருடம் பிரான்சின் மெட்ஸ் நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் மாணவர் பரிமாற்றத்தில் வந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் தங்கினாள். ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் புத்தகத்தை விரித்துவைத்திருந்தார்கள். அதே படம், அதே வரைபடம், பக்கத்தில் அதே இடத்தில். ஒன்று ஜெர்மன், ஒன்று பிரெஞ்சு, அவ்வளவுதான் வித்தியாசம். என் மகள் கையில் பிரெஞ்சுப் புத்தகம், அவள் கையில் ஜெர்மன் புத்தகம்! நான் கொஞ்ச நேரம் தோசைக்கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தப் புத்தகம் வந்த கதையை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1963 ஜனவரி 22 அன்று பிரான்சுக்கும் மேற்கு ஜெர்மனிக்கும் இடையே எலிசே என்ற நட்பு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் நாற்பதாம் ஆண்டையொட்டி 2003இல் இரு நாடுகளையும் சேர்ந்த ஏறக்குறைய 500 மாணவர்களை பெர்லினில் கூட்டி இளைஞர் நாடாளுமன்றம் நடத்தினார்கள். எங்கள் இரண்டு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடப்புத்தகம் வேண்டும் என்று கேட்டது அந்த மாணவர்கள்தான். அரசுகள் ஒப்புக்கொண்டன. 2006இல் முதல் தொகுதி வந்தது. பிரெஞ்சுப் பதிப்பை முதல் உலகப்போரின் சோம் போர்முனையில் இருந்த பெரோன் ஊரிலும், ஜெர்மன் பதிப்பை எங்கள் சார்புரூக்கனிலும் வெளியிட்டார்கள். 2008இலும் 2011இலும் அடுத்த இரண்டு தொகுதிகள்.

முதல் தொகுதி 1945க்குப் பிந்தைய காலத்தைப் பற்றியது. அதை எழுதும்போது ஆசிரியர்கள் அதிகம் மோதிக்கொண்டது ஹிட்லரைப் பற்றி அல்ல, அமெரிக்காவைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்களுக்கு அமெரிக்காவின் மேல் விமர்சனம் அதிகம். போருக்குப்பின் அமெரிக்கக் காவலில் எழுந்து நின்ற மேற்கு ஜெர்மனியில் வளர்ந்தவர்களுக்கு அது குறைவு. சரி, நடுவில் ஒரு வாக்கியத்தைப் போட்டு முடித்துக்கொள்வோம் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. இரு நாட்டுப் பார்வையும் எங்கே பிரிகிறது என்பதைக் காட்ட அத்தியாயங்களில் தனிப்பக்கமே ஒதுக்கினார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் அன்று அப்படி ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டுதான் வாதாடிக்கொண்டிருந்தார்கள். தோசை ஆறிப்போனது.

இது ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1935இலேயே இரு நாட்டு வரலாற்றாசிரியர்களும் பாரிசில் கூடி, பாடப்புத்தகங்களில் எதையெதைத் திருத்த வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். நாஜி ஆட்சியில் அது எங்கே எடுபடும்? போர் முடிந்து, 1951இல் அந்தப் பட்டியலைத் தூசி தட்டி எடுத்தார்கள். 1914 போரை வேண்டுமென்றே திட்டமிட்டதாக எந்த ஒரு அரசின்மீதும் மக்கள்மீதும் பழிபோட ஆவணங்கள் இடம் தரவில்லை என்று இரு தரப்பும் சேர்ந்து எழுதிக்கொடுத்தன. அதே வருடம் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிப் பேராசிரியர் கேயார்க் எக்கெர்ட், பாடப்புத்தகங்களைச் சீர்செய்வதற்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கினார். இன்று அது அவர் பெயரிலேயே இருக்கிறது. எலிசே ஒப்பந்தத்துக்கு இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது. தலைவர்கள் கைகுலுக்கும் முன்பே வாத்தியார்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். உங்கள் கட்டுரையில் அவர்களுக்கு ஒரு வரிகூட இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு சொல்லுக்காக எவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது பாருங்கள். ஜெர்மனி, போலந்து வரலாற்றாசிரியர்களின் கூட்டுக்குழு 1972இல் தொடங்கியது. 1945க்குப் பிறகு போலந்து வசம் போன பகுதிகளிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்ததே, அதற்கு என்ன பெயர் வைப்பது? 'விரட்டியடிப்பு' என்றால் போலந்துக்காரர்களுக்கு ஆகாது. 'இடமாற்றம்' என்றால், வீடுவாசலை விட்டு வந்த ஜெர்மானியர்களுக்கு வயிறு எரியும். 1976இல் பரிந்துரைகள் வெளிவந்தபோது மேற்கு ஜெர்மனியில் பெரிய ரகளையே நடந்தது. இருந்தும் குழு கலையவில்லை. 2016 தொடங்கி 2020க்குள் நான்கு தொகுதிகளாக அவர்களுடைய பொதுப் பாடப்புத்தகமும் வந்துவிட்டது.

எங்கள் வீட்டு விஷயத்துக்கே வருகிறேன். கீழ்வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். பிள்ளைகள் எங்கள் மாநிலமான சார்லாந்தைப் பற்றிய பாடத்தைப் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு பிஸ்கட் டப்பாவோடு மேலே வந்தார். உள்ளே 'சார்லாந்து' என்று பொறித்த 1950களின் பிராங்க் நாணயங்கள். போருக்குப்பின் இந்தப் பகுதி பிரான்சின் பிடியில் இருந்தது. 1955இல் வாக்கெடுப்பு நடத்தி, ஜெர்மனியிலிருந்து தனித்து ஐரோப்பியப் பகுதியாக இருக்கச் சம்மதமா என்று கேட்டபோது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் 'வேண்டாம்' என்றார்கள். 1957இல் மேற்கு ஜெர்மனியோடு சேர்ந்தது. அந்த வாக்கெடுப்பில் தன் அப்பாவும் சித்தப்பாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று, அப்புறம் பல வருடம் பேச்சுவார்த்தையே இல்லாமல் இருந்ததைப் பெரியவர் சொன்னார்.

அந்தப் பிரெஞ்சுப் பெண் தன் போனில் ஒரு பழைய புகைப்படத்தைக் காட்டினாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா, ஜெர்மன் ராணுவ உடையில். 1942இலிருந்து, ஜெர்மனி பிடித்துவைத்திருந்த பிரான்சின் அல்சாஸ், மொசேல் பகுதிப் பையன்களை ஹிட்லரின் படைக்குக் கட்டாயமாக இழுத்துப் போனார்கள். "அப்போ அவர் எந்தப் பக்கம்?" என்று என் மகள் கேட்டுவிட்டாள். "அதைத்தான் எங்கள் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்" என்றாள் அவள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. போனைக் கையில் வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் நிறைவாக நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பொதுப் புத்தகம் பெரும்பாலும் என் மகள் படிப்பது போன்ற இருமொழி வகுப்புகளோடு நின்றுவிட்டது. ஜெர்மனியின் 16 மாநிலங்களுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம், பிரான்சில் நாடு முழுவதற்கும் ஒன்று. இரண்டுக்கும் ஒரு புத்தகத்தைப் பொருத்துவது லேசான காரியமில்லை. அதனால் சாதாரண வகுப்புப் பிள்ளைகள் பலர் கையில் அது படுவதே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம். சொல்லப்போனால், அவர்களுக்குத்தான் அது முதலில் வேண்டும்.

ஆனாலும் வேலை நிற்கவில்லை. 1963இல் தொடங்கிய பிரெஞ்சு-ஜெர்மன் இளைஞர் அலுவலகம் வழியாக இதுவரை 90 லட்சத்துக்கும் அதிகமான இளையோர் ஒருவர் நாட்டுக்கு ஒருவர் போய்வந்திருக்கிறார்கள். அதை முன்மாதிரியாக வைத்து 2016இல் செர்பியா, கொசோவோ, போஸ்னியா உள்ளிட்ட ஆறு பால்கன் நாடுகள் சேர்ந்து தங்களுக்கும் ஓர் அலுவலகம் அமைத்தன. அதன் தலைமையகம் அல்பேனியாவின் திரானாவில். போரின் காயம் இன்னும் ஆறாத ஊர்கள் அவை. அங்கே ஒரு வரலாற்று ஆசிரியர் வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்பதைப் பற்றி நீங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு உதவியாக இருந்தால், இரு நாட்டுப் பார்வையும் பிரிவதைக் காட்டும் அந்தப் பக்கங்கள் சிலவற்றை மகளிடம் கேட்டுத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சார்புரூக்கன், ஜெர்மனி