டர்பைன் தளத்தைத் திறந்துவிடுங்கள்

அருங்காட்சியக நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

மின் உற்பத்தி நின்றபின் இந்த நீர்மின் பவர் ஹவுஸைக் காயலான் கடைக்குப் போகவிடாமல் காப்பாற்றியவர்கள் நீங்கள். அந்த நன்றி என்றும் உண்டு. ஆனால் டர்பைன், அதாவது தண்ணீர் சுழற்றும் சக்கரம், இருக்கும் கீழ்த்தளத்துக்கான படிக்கட்டின் கதவில் தொங்கும் பூட்டைப் பற்றி இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

சென்ற வாரம் அப்பாவையும் என் மகளையும் அழைத்து வந்தேன். அப்பா இதே நிலையத்தில் ஷிஃப்ட் பார்த்து ஓய்வுபெற்றவர். டர்பைனின் வேகத்தைச் சீராக வைக்கும் கருவியான கவர்னர் முன்னால் நின்று, வேகம் கூடினால் அதன் குண்டுகள் எப்படி விரியும் என்று இரு கைகளாலும் காட்டினார். அந்த அசைவில் எண்ணெய் அழுத்தம் திரும்பி, டர்பைனைச் சுற்றியுள்ள தகடுகள் மூடிக்கொண்டு தண்ணீரைக் குறைக்கும் என்றார். "தண்ணி எங்க தாத்தா வரும்?" என்றாள் மகள். "கீழம்மா, வா காட்டறேன்" என்று நடந்தவரைக் காவலர் தடுத்துவிட்டார். பாதுகாப்புக் காரணமாம். நடுராத்திரியில் இறங்கிப்போய் பேரிங் சூட்டைத் தொட்டுப் பார்த்தவருக்கு அந்தப் படியில் கால் வைக்க அனுமதி இல்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் திரும்பினார். எனக்குத்தான் ஆறவில்லை.

மேலே இருப்பவை ஜெனரேட்டரும் கவர்னரும் மட்டும். தண்ணீரைக் கொண்டுவரும் பெரிய குழாயான பென்ஸ்டாக் வந்து சேரும் இடம், அந்தத் தண்ணீரை டர்பைனைச் சுற்றிப் பாய்ச்சும் சுருள் உறை, டர்பைன், அதைச் சுழற்றிய நீர் வெளியேறும் வழி எல்லாமே கீழேதான். அவற்றை மூடிவிட்டு நீர்மின் நிலையம் என்று எதைக் காட்டுகிறீர்கள்? தயவுசெய்து டர்பைன் தளத்தைத் திறந்துவிடுங்கள்.

முடியாத காரியம் இல்லை. நயாகராவில் 1905-இல் ஓடத் தொடங்கி 2006-இல் நின்ற கனடியப் பக்கத்து நிலையம் 2021-இல் அருங்காட்சியகமானது. மறு ஆண்டே பார்வையாளர்களைக் கண்ணாடி லிஃப்டில் சுமார் 55 மீட்டர் ஆழத்துக்கு இறக்கி, நீர் வெளியேறிய 670 மீட்டர் சுரங்கத்தில் ஆற்றங்கரை வரை நடக்கவிட்டார்கள். இங்கே கேட்பது ஒரு மாடிப் படிக்கட்டு. கைப்பிடியும் விளக்கும் தலைக்கவசமும் போதும், சிறு குழுக்களாக அனுப்பலாம்.

ஒளிக்காட்சிக்குப் பணம் இருக்கிறது, கல்யாணப் படப்பிடிப்புக்குக் கூடம் கிடைக்கிறது. இங்கே உழைத்தவர்கள் வந்து சொல்ல ஒரு நாற்காலி கிடையாது. கவர்னர் மேல் "பழைய இயந்திரம்" என்று பலகை வைத்திருக்கிறீர்கள். விவரம் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், அவர்களைக் கேட்க உங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோரிக்கை ஒன்றுதான்: டர்பைன் தளத்தைத் திறந்துவிடுங்கள். எந்த மாதம் திறப்பீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆபரேட்டர் ஒருவரின் மகள்