ஒன்றுகூடலில் ஒரு காலைப்பொழுதை ஏரிக்குக் கொடுங்கள்: ரொறன்ரோ ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டத்திலும் இயங்கும் ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்களின் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம்.

கோடை ஒன்றுகூடலுக்கு இடமும் திகதியும் பார்க்கத் தொடங்கியிருப்பீர்கள். கூடாரத்துக்கு ஆள், ஒடியற்கூழுக்கு ஆள், ஒலிபெருக்கிக்கு ஆள் என்று பட்டியல் நீண்டுகொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் இன்னும் ஒன்றைச் சேர்க்கச் சொல்லத்தான் எழுதுகிறேன். இந்த முறை ஒன்றுகூடலைச் சிம்கோ ஏரிக்கரையில் வையுங்கள். பாஸ் என்கிற நன்னீர் மீனைப் பிடிக்கச் சட்டம் விடுகிற பருவம் திறந்த பிறகு வையுங்கள். காலையில் ஒரு மூன்று மணி நேரத்தைப் பிள்ளைகளும் முதியவர்களும் தூண்டில் போடுவதற்கு ஒதுக்குங்கள். பிடிபடுகிற பாஸ் மீன்கள் எல்லாம் திரும்ப ஏரிக்கே போகும் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

கடைசி வசனத்தைப் படித்ததும் சிலர் சிரிப்பீர்கள். விடியக் காலையிலேயே மீன்கடைக்குப் போய்ப் பாரை வந்ததா, விளைமீன் வந்ததா என்று கேட்கிற சனம் நாங்கள். எங்களிடம் வந்து பிடித்த மீனை விடச் சொல்வதா? கொஞ்சம் பொறுங்கள், காரணம் இருக்கிறது.

சிம்கோவைத் தெரியாதவர்கள் நம்மில் குறைவு. மார்க்கத்தில் 48ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே போனால் ஒரு மணி நேர ஓட்டம். ஏறக்குறைய 720 சதுர கிலோமீற்றர் பரப்பு. கெம்பன்பெல்ற் குடாவில் ஆழம் 40 மீற்றரைத் தொடும். குளிர்காலத்தில் பனிக்கட்டியில் துளைபோட்டுப் பேர்ச் என்கிற சின்ன மீன் பிடிக்கப் போகிற பெடியளைக் கேட்டால் மிச்சத்தைச் சொல்வார்கள். ஆனால் கோடையில் அந்தத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருக்கும் என்பது கரையில் நின்று றோல்ஸ் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை.

போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை நண்பர் ஒருவரின் அலுமினியப் படகில் நான்கு பேர் போனோம். நண்பர், அவருடைய அப்பா, என் தங்கையின் மகன், நான். நண்பரின் அப்பா மயிலிட்டிக்காரர். 1990இல் ஊரை விட்டு வெளிக்கிடும்வரை கடலுக்குப் போனவர். மயிலிட்டித் துறைமுகம் 2017இல் விடுவிக்கப்பட்டபோது இங்கே தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துதான் அதைப் பார்த்தார். நன்னீரில் மீன்பிடிப்பது அவருக்குக் கொஞ்சம் இளக்காரம். “குளத்து மீன்” என்றுதான் வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார்.

அன்று காற்றே இல்லை. ஜோர்ஜினா தீவுப் பக்கம் ஒரு கற்திட்டுக்கு மேலே நண்பர் எஞ்சினை நிறுத்தினார். பன்னிரண்டு அடி ஆழம் என்று கருவி காட்டியது. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. கல்லில் ஒட்டிய சிப்பி தெரிந்தது. இரண்டு கல்லுக்கு நடுவே பதுங்கிய விரல் நீளப் பொடிமீனும் தெரிந்தது. ஐயா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: “தம்பி, எங்களுக்கு மீன் தெரியுது எண்டால் மீனுக்கும் நாங்கள் தெரிவம். தூர எறியுங்கோ.” இதைச் சொல்லி முடிக்க மீன்பிடிக் காணொளிக்காரர்களுக்கு அரை மணி நேரம் வேண்டும்.

எட்டு இறாத்தல் தாங்கும் மெல்லிய தங்கூசி நூல். முனையில் பழுப்பும் பச்சையும் கலந்த ரியூப் என்கிற ரப்பர் இரை. தூர எறிந்து, அடியைத் தொடும்வரை விட்டு, கல்லில் தட்டுப்படும்படி மெல்ல இழுக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மருமகனின் இரைக்குப் பின்னால் கறுப்பாக ஒன்று வந்தது. அது மீனின் நிழல். மீன் அதற்குக் கொஞ்சம் மேலே, தண்ணீரின் நிறத்திலேயே வந்துகொண்டிருந்தது. இரை நின்றால் அதுவும் நின்றது, நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. ஐயா, “இழுக்காதை, விடு, விடு” என்றார். பெடியனுக்குத் தமிழ் அரைகுறைதான். அது மட்டும் உடனே விளங்கிவிட்டது. இரை அடியில் அசையாமல் கிடந்தது. மீன் தலையைக் கீழே சாய்த்து வாலை மேலே தூக்கி அதை உறிஞ்சி எடுத்ததை நான்கு பேரும் மேலே இருந்து பார்த்தோம்.

அதற்குப் பிறகு நடந்தது தூண்டில் பிடிக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வந்தது பாஸில் ஒரு வகையான ஸ்மோல்மௌத். ஸ்மோல்மௌத் பாஸ் தண்ணீருக்கு மேலே வந்து தலையை உதறித் துள்ளும். அந்தத் துள்ளலில் தூண்டிலைக் கழற்றிக்கொண்டு போவதுதான் அதன் வழக்கம். இது கழற்றவில்லை. தராசில் நாலே கால் இறாத்தல். வெண்கல நிற உடம்பு, மேலிருந்து கீழாகக் கரும்பட்டைகள், சிவந்த கண். இதன் உறவுக்காரரான லார்ஜ்மௌத் பாஸ் பச்சையாக இருக்கும். பக்கவாட்டில் நீளக் கறுப்புக்கோடு ஓடும். வாய் கண்ணுக்கும் பின்னால் போகும். அதைத் தேடுவதென்றால் குக்ஸ் குடாவின் பாசிப் பக்கம் போக வேண்டும்.

படம் எடுத்தோம், மீனை விட்டோம். ஐயாவுக்கு முகம் மாறிவிட்டது. “ஒரு சட்டிக் குழம்பு போகுது. விடுறதுக்கோ இவ்வளவு பெற்றோல் செலவழிச்சு வந்தனீங்கள்?” மகன் ஏதோ விளக்கினார். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. நானும் வாதாடவில்லை. அன்றைக்கு அவருக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அந்த ஏரி முன்பு இவ்வளவு தெளிவாக இருக்கவில்லை. 1990களில் வரிச்சிப்பி வந்து சேர்ந்தது. கப்பல்களின் அடித்தொட்டி நீரோடு ஐரோப்பாவில் இருந்து பேரேரிகளுக்கு வந்து, அங்கிருந்து பரவிய சிப்பி. தண்ணீரை வடிகட்டி அதில் உள்ள நுண்பாசியைத் தின்பதுதான் அதன் தொழில். ஏரி தெளிந்தது இப்படித்தான். பார்க்க அழகு, ஆனால் நோயாளி மெலிந்து அழகானார் என்று சொல்வது மாதிரியான அழகு. அடுத்து வந்தது ரவுண்ட் கோபி என்கிற பொடிமீன். நாங்கள் கல்லிடுக்கில் பார்த்தது அதைத்தான். 2004இல் சிம்கோவில் விழுகிற பெபர்லோ ஆற்றில் அதைக் கண்டார்கள். 2005இல் மாகாண அமைச்சு ஆற்றில் மருந்து கலந்து அழிக்கப் பார்த்தது. சரிவரவில்லை, ஏரி முழுக்கப் பரவிவிட்டது. பாஸ் அதைத் தின்று கொழுக்கிறது. எங்களுடைய ரப்பர் இரைக்கு அந்தப் பழுப்பும் பச்சையும் அதனால்தான்.

சரி, பாஸுக்கு நல்லதுதானே என்று நினைக்கலாம். வசந்தகால முடிவில் கதை மாறும். தண்ணீர் 15 பாகை செல்சியஸைத் தாண்டும்போது ஆண் பாஸ் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்து, வாலால் சரளையைத் துப்புரவாக்கி, வட்டமாகக் கூடு போடும். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அப்பாதான் காவல். முட்டை பொரித்து, குஞ்சுகள் தாமாக நீந்தித் திரியும்வரை வாரக்கணக்கில் அந்த இடத்தை விட்டு நகராது. கிட்ட வருகிற எதையும் பாய்ந்து கடிக்கும், பசிக்காக அல்ல, விரட்டுவதற்காக. அந்த நேரத்தில் அதைப் பிடிப்பது மிகச் சுலபம். தெளிந்த தண்ணீரில் அந்த வெளிறிய வட்டம் கரையில் நின்றாலே தெரியும். மீனைத் தூக்கிப் படம் எடுத்து விடுகிற இரண்டு மூன்று நிமிடங்களில் கோபியும் சன்பிஷ் என்கிற சின்ன மீனும் முட்டையைத் தின்னக் கூட்டுக்குள் புகுந்துவிடும். கிங்ஸ்ரனுக்கு வடக்கே ஒபினிகன் ஏரியில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் உயிரியல் நிலையம் இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கூடுகளுக்கு மேலே நீந்திப் பார்த்து ஆய்வாளர்கள் அங்கே பதிந்தது இதைத்தான்: பிடித்து விட்ட மீன்களில் ஒரு பகுதி கூட்டையே கைவிட்டுவிடுகின்றன.

அதனால்தான் ஜூன் பிற்பாதி வரை பருவம் மூடியிருக்கிறது. மூடிய பருவத்தில் பாஸைக் குறிவைத்துத் தூண்டில் போடுவது ஒன்ராறியோவில் குற்றம். “நான் திரும்ப விடத்தானே போகிறேன்” என்பது காரணமாகாது. இதை எத்தனை பேர் நம்மிடையே அறிந்திருக்கிறோம்? உங்கள் ஒன்றுகூடல் ஜூலையிலோ ஆகஸ்டிலோதான் வரும், அதில் பிழையில்லை. ஆனால் பெடியள் மே மாதமே கரைக்குப் போய்விடுகிறார்கள். விதிமுறைப் புத்தகம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வருகிறது. நம்முடைய பெரியவர்கள் அதைத் திறப்பதே இல்லை. சங்கத்தின் வட்ஸ்அப் குழுவுக்குக் கோயில் திருவிழா அறிவித்தலும் மரண அறிவித்தலும் தவறாமல் வருகின்றன. பாஸ் திறக்கிற திகதியும் வந்தால் என்ன? திகதி இடத்துக்கு இடம் மாறும், சில வேளை ஆண்டுக்கு ஆண்டும் திருத்துவார்கள். விதிமுறைப் புத்தகத்தில் சிம்கோ 16ஆம் மீன்பிடி வலயத்தில் வருகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பருவம் திறந்த பிறகு அனுமதித்த எண்ணிக்கைக்குள் நின்று பாஸைக் கொண்டுபோவது சட்டப்படி சரிதான். கொண்டுபோகிறவரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் நூறு பேர் கூடுகிற நாளில் கரையோரத்துப் பெரிய மீனையெல்லாம் வாளியில் போட்டால் அடுத்த வருடம் அதே பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? இந்தக் குளிர்த் தண்ணீரில் நாலு இறாத்தல் மீன் வளர ஆண்டுகள் பல எடுக்கும். இன்னொன்றும் உண்டு: வயதேறிய பெரிய மீனில் பாதரசம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். எந்த ஏரியில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாணம் வழிகாட்டி வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் அதில் தனி அளவு, மற்றவர்களைவிடக் குறைவு. சட்டிக்கு மீன் வேண்டுமென்றால் மஞ்சள் பேர்ச் இருக்கிறது. மஞ்சள், மிளகாய்த்தூள், உப்புத் தடவிப் பொரித்தால் பாஸைவிட ருசி. அன்று பின்னேரம் ஐயா ஒரு சின்ன வாளி பேர்ச் பிடித்தார். பாஸை விட்டதற்கு மன்னிப்புக் கிடைக்கவில்லை, திட்டுவதை மட்டும் வீடு போகும்வரை நிறுத்திவைத்தார்.

அவரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஒன்றுகூடல்களில் முதியவர்களுக்கு நாம் கொடுக்கிற வேலை கதிரையில் இருப்பதுதான். பிறகு ஒரு பொன்னாடை. அன்று படகில் காற்று எப்போது திரும்பும் என்று சொன்னது அவர்தான். முடிச்சுப் போட்டதும் அவர்தான். கண் சரியாகத் தெரியாது, விரலால் தடவியே போட்டார். உங்கள் சங்கத்திலும் இப்படி எத்தனையோ பேர் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

இனி நடைமுறை. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களும் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களும் கனடாவாசிகள் என்றால் மீன்பிடி அனுமதி வாங்கத் தேவையில்லை, அடையாள அட்டையை வைத்திருந்தால் போதும். ஆகவே நான் கேட்கிற நிகழ்ச்சிக்கு அனுமதிச் செலவே குறைவு. நடுவயதுக்காரர்களையும் இறக்குவதென்றால் கனடா தினத்தை ஒட்டி வருகிற இலவச மீன்பிடி வாரத்தைப் பாருங்கள். அப்போது அடையாள அட்டை போதும், எண்ணிக்கை வரம்பு மட்டும் குறைவு. சிபால்ட் பொயின்ற் பூங்கா என்றால் வாகன அனுமதியை முன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள், கோடை வார இறுதியில் வாசலில் நின்று கெஞ்சிப் பயனில்லை. கரையில் இருந்து எறிகிற பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சன்பிஷும் ரொக் பாஸும்தான் அகப்படும் என்பதையும் மறைக்கவில்லை. ஏழு வயதுக்கு அதுவே திருவிழா.

தூண்டிலின் முள்ளைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள், கழற்றுவது சுகம். மீனைத் தொடுமுன் கையை நனைக்க வேண்டும். காய்ந்த கை அதன் மேல் வழுவழுப்பை உரித்துவிடும். மணலில் இழுத்துப் போட வேண்டாம். கோபி பிடிபட்டால் அதை உயிரோடு வைத்திருக்கவோ இரையாகக் கொண்டுபோகவோ கூடாது, சட்டம் விடாது. வெட்டிய தங்கூசியைப் பொறுக்கி எடுக்க இரண்டு பேரை நியமியுங்கள். போன கோடையில் ஒரு ஒன்றுகூடல் முடிந்த கரையில் தங்கூசிச் சுருளும் காகிதத் தட்டும் கிடந்த கிடையை நான் பார்த்தேன், பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும்.

ஒரிலியாப் பக்கம் வைக்கிற சங்கங்களுக்கு ஒரு மேலதிகச் செய்தி. சிம்கோவும் கூச்சிச்சிங் ஏரியும் சந்திக்கிற அதர்லி ஒடுக்கத்தில் தண்ணீருக்கு அடியில் மரக்கம்புகள் நட்ட வேலிகள் இருக்கின்றன. மீனைத் திசைதிருப்பி ஒரு பக்கமாக ஒதுக்கிப் பிடிக்க இந்த மண்ணின் முதற்குடிகள் 4500 ஆண்டுகளுக்கு முன்பே நட்டவை. 1982 முதல் தேசிய வரலாற்றுத் தலம். இதை ஐயாவிடம் சொன்னபோது, “எங்கடை சிறகுவலைதானே” என்றார். யாழ்ப்பாணக் கடனீரேரியில் கம்பு நட்டு வலை கட்டியதைப் பார்த்தவர்கள் யாராவது உங்கள் பேருந்தில் இருந்தால், அங்கே ஒரு பத்து நிமிடம் நிறுத்தி அவரைப் பேசவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு ஏற்ற ஆறடித் தூண்டில்கள் சில என்னிடம் உண்டு, நண்பரும் தருவார். உயிர்காப்பு அங்கிகளை நீங்கள் ஏற்பாடு செய்ய வேண்டும், கரையில் நிற்கிற சின்னவர்களுக்கும் சேர்த்து. கயிறிழுத்தலையும் முட்டி உடைத்தலையும் பின்னேரத்துக்குத் தள்ளி வையுங்கள். மீன் கடிப்பது வெயில் ஏறுவதற்கு முன்னம், அதனால் ஆறரை மணிக்கே வரச் சொல்ல வேண்டும். நம் ஆட்கள் எட்டரைக்கு வருவார்கள் என்பதால் அழைப்பிதழில் நாலரை மணி என்று போடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் இருந்து,
சந்தா தவறாத ஓர் உறுப்பினர்