88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் போன அக்காவுக்கு

கர்த்தருக்குள் பிரியமான சபையாருக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் வீட்டில் நடந்த துக்கம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை இங்கே திரும்ப எழுதவில்லை.

சமைத்துக் கொண்டுவந்தவர்கள், இரவில் துணைக்கு இருந்தவர்கள், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், பெயர் எழுதாமல் உறையில் பணம் வைத்தவர்கள், தூக்கமும் பசியும் போய்ப் பல நாளான பிறகு "இதற்கு ஜெபத்தோடு மருத்துவரும் வேண்டும்" என்று தயங்காமல் சொன்ன போதகர் ஐயா, உங்கள் எல்லாருக்கும் நன்றி. சூரைச்செடியின்கீழ் சாவைக் கேட்டுப் படுத்துக்கொண்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கொண்டுவந்தது அடையும் தண்ணீரும்தான். அதுவும் இரண்டு தடவை. ஓரேப் மலையில் தேவனுடைய மெல்லிய சத்தம் கேட்டது அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான். நீங்கள் அந்த வரிசையை மாற்றவில்லை.

மீதி மடல் ஓர் அக்காவுக்கு.

அக்கா, "ஏதாவது வேண்டுமென்றால் கூப்பிடுங்கள்" என்று நீங்கள் சொல்லவில்லை. நொறுங்கிக் கிடப்பவருக்கு அந்தச் சொல்லே ஒரு வேலை: என்ன வேண்டும் என்று யோசிக்கவேண்டும், பிறகு கேட்கக் கூச்சப்படவேண்டும். "நாளை ஏழு மணிக்கு வருகிறேன், நீங்கள் பேசவேண்டாம்" என்றீர்கள். அந்த ஏழு மணிக்கு வந்தீர்கள். நாற்காலியை எதிரே போடாமல் பக்கத்தில் போட்டுக்கொண்டீர்கள். எதிரே உட்கார்ந்தால் முகத்தைக் காட்டவேண்டியிருக்கும். வேதத்தைத் திறந்து 88-ஆம் சங்கீதம், 18 வசனங்கள், நிதானமாக வாசித்தீர்கள். மூன்று நிமிடம்கூட ஆகாது. பிறகு கொஞ்ச நேரம் சும்மா இருந்தீர்கள். "ஆமென்" சொன்னீர்கள். போய்விட்டீர்கள்.

அந்தச் சங்கீதத்தைத் தேர்ந்ததுதான் பெரிய உதவி. 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை எங்கோ ஓரிடத்தில் துதிக்குத் திரும்பிவிடும். 13-ஆம் சங்கீதம் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்டுவிட்டு, ஐந்தாம் வசனத்தில் திரும்புகிறது. 88 திரும்புவதே இல்லை. எபிரெயுவில் அதன் கடைசிச் சொல் இருள் என்பதுதான். முதல் வசனத்தில் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டதைத் தவிர நம்பிக்கையாக ஒரு வரியும் கிடையாது. ஏன் உமது முகத்தை மறைக்கிறீர் என்று தேவனிடமே கேட்கிற அந்த ஜெபத்தை வேதத்தை விட்டு யாரும் எடுத்துப்போடவில்லை. தேவன் தூரமாய்ப் போய்விட்டார் என்று அவரிடமே சொல்வது அவிசுவாசம் அல்ல என்பதை அந்த 18 வசனங்கள் சொல்லிவிட்டன. நீங்கள் அதற்கு விளக்கம் சொல்லாததால்தான் அது உள்ளே இறங்கியது. சிலுவையில் இயேசு "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றதும் ஒரு சங்கீதத்தின் முதல் வரிதானே, 22-ஆம் சங்கீதம்.

நல்ல மனதோடு வருகிறவர்களும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகிறோம், நாங்களும் சேர்த்துத்தான். முதல் வாரத்திலேயே, சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்கிற ரோமர் 8:28-ஐ நீட்டுகிறோம். அது மெய்யான வசனம்தான். ஆனால் இரண்டு வசனம் முன்னால், வேண்டிக்கொள்ளத் தெரியாதவர்களுக்காக ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல்செய்கிறார் என்று இருக்கிறதே, அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். புலம்பல் புத்தகம் 3-ஆம் அதிகாரத்தில் காலைதோறும் புதிதான கிருபைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள 20 வசனங்களை விட்டுவிடுகிறோம். ஜெபத்துக்கு வழி அடைபட்டது என்று எட்டாம் வசனம் சொல்கிறது. எல்லாவற்றையும் இழந்த யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல சிநேகிதர். வாயைத் திறந்த பிறகுதான் தேவனுடைய கோபத்துக்கு ஆளானார்கள். "விசுவாசம் போதவில்லையோ" என்ற ஒரு கேள்வி போதும், அதுவரை ஆறியதையெல்லாம் கிளறிவிடும்.

அக்கா, நீங்கள் எத்தனையோ நாள் 88-ஐயே வாசித்தீர்கள். 13-க்கு மாறினது, "நாளைக்கு வேறு வாசிக்கலாமா" என்று இந்த வீட்டிலிருந்து கேட்ட பிறகுதான். திமிர்வாதக்காரனைக் கூரை வழியாக நாலுபேர் இறக்கினபோது இயேசு பார்த்தது அவர்களுடைய விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுக்கையில் கிடந்தவன் ஏதாவது சொன்னதாக அங்கே இல்லை. அது இப்போது புரிகிறது.

இந்த நன்றியோடு ஒரு பொருத்தனையும் செய்கிறோம். சபையில் எந்த வீட்டில் துக்கம் வந்தாலும், அடக்கத்துக்குப் போய்வந்த அன்றே நாட்காட்டியில் மூன்றாம் மாதத்திலும் ஆறாம் மாதத்திலும் ஒரு தேதியைக் குறித்துவைப்போம். முதல் இரண்டு வாரம் வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். மூன்றாம் மாதம் வாசலில் யாரும் இருக்கமாட்டார்கள். அன்றைக்குப் போவோம். பத்து நிமிடம் இருப்போம். போனவருடைய பெயரைச் சொல்லுவோம்.

அக்கா, நாளை மாலையும் வாருங்கள். "ஆமென்" இங்கிருந்து வருகிறதா என்று பார்க்கிறோம். வராவிட்டால் முன்போல நீங்களே சொல்லிவிடுங்கள்.